மாநகரப் பேருந்தில் யுபிஐயா, சிங்காரச் சென்னை அட்டையா?

சில்லறை தேடாமல் பஸ் ஏற நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு இப்போது இரண்டு வழி: போனில் யுபிஐ, அல்லது முன்பே பணம் போட்டு வைத்துத் தொட்டுக் கட்டும் சிங்காரச் சென்னை அட்டை. எது தேவலை?

வேகம்: யுபிஐ என்றால் நடத்துநரின் கருவியில் கியூஆர் வர வேண்டும், நம் போனில் நெட் இருக்க வேண்டும், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின் நம்பரை அடிக்க வேண்டும், அப்படியும் கணக்கில் பணம் கழிந்து டிக்கெட் வராமல் நின்றால் வாக்குவாதம்தான் (நடத்துநரைச் சொல்லிக் குற்றமில்லை, டிக்கெட் கணக்கு அவர் தலையில்). அட்டையைத் தொட்டால் போதும்.

பணம் போடுவது: யுபிஐக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அட்டையில் முன்கூட்டியே போட வேண்டும். இணையத்தில் போட்டாலும் கருவியில் ஒருமுறை தொட்டுப் புதுப்பித்தால்தான் இருப்பு ஏறும். பலர் இங்கேதான் அலுத்துப் போகிறார்கள்.

தொலைந்தால்: அட்டையோடு உள்ளே இருக்கும் காசும் போச்சு.

தினமும் பஸ், மெட்ரோ இரண்டிலும் போகிறவர்களுக்கு அட்டைதான் சரி, இரண்டிலும் அது செல்லும். எப்போதாவது ஏறுகிறவர்களுக்கு யுபிஐ. சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட் வைத்துக்கொண்டால் பின் நம்பர் தொல்லையும் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு அட்டை வாங்கி, நீங்களே பணம் போட்டுக் கொடுங்கள்.