ஜாப் ஒர்க் போர்ட்டல்: லோ-கோடு பாதி, சொந்தமாக எழுதியது பாதி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாமே எங்களுக்கு ஜாப் ஒர்க்தான், அதாவது வெளிப் பட்டறைகளிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. எந்த லாட் எந்தப் பட்டறையில் நிற்கிறது என்று பார்க்க, நான்கு வருடம் முன் ஒரு லோ-கோடு தளத்தில் (அதிகம் கோடு எழுதாமல், திரையில் இழுத்துப் போட்டே மென்பொருள் அமைக்கும் இடம்) போர்ட்டல் போட்டோம்.

டி.சி. (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) படிவம், மேனேஜர் ஒப்புதல், மெயில் எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஜி.எஸ்.டி. சட்டம் 143-ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய நூலோ துணியோ 1 வருடத்துக்குள் திரும்பாமலும் அங்கிருந்தே விற்கப்படாமலும் கிடந்தால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கணக்காகி வரி விழும். கெடு நெருங்கும் டி.சி.க்களின் பட்டியலை எங்கள் அக்கவுண்டன்டே, ஒரு வரி கோடு எழுதாமல், ஒரே மதியத்தில் தயார் செய்துவிட்டார். இந்த வசதிக்கு ஈடே கிடையாது.

பிரச்சினை வெளியாட்கள் உள்ளே வந்ததும் ஆரம்பித்தது. மாதம் இரண்டு முறை எட்டிப்பார்க்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் முழு லைசென்ஸ் கட்டணம். செலவைக் குறைக்க ஒரே பாஸ்வேர்டைப் பல பட்டறைகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் துணியை யார் பெற்றுக்கொண்டார் என்ற பதிவுக்கே அர்த்தமில்லாமல் போனது.

அடுத்து எடைக் கணக்கு. 400 கிலோ போகும், மூன்று டி.சி.யாக 378 கிலோ வரும். மீதி சாயமிடுவதில் போன இழப்பா, ரீ-டையிங்கில் நிற்கிறதா, நேரே பிரிண்டிங்குக்குப் போனதா? இந்த விதிகளையெல்லாம் லோ-கோடு தளத்தில் படம் போட்டே அமைக்கப் போய், திரை முழுக்க அம்புக்குறிகள். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் வேலை மாறிவிட்டார்.

எனவே பட்டறைகள் பார்க்கும் பகுதியையும் எடைக் கணக்கையும் லாராவெல் (வெப் மென்பொருள் எழுதும் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) வைத்து உள்ளூர் டீமிடம் தனியாக எழுத வைத்தோம். தமிழ்த் திரை, ஓ.டி.பி. லாகின், எத்தனை பேர் வந்தாலும் லைசென்ஸ் இல்லை. ஆனால் சர்வர், பேக்அப், பாதுகாப்பு அப்டேட், வருடாந்திரப் பராமரிப்பு எல்லாம் நம் தலையில். சோர்ஸ் கோடு நம் கணக்கில் இருக்கும் கிட்டில்தான் (Git, கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் இடம்) ஏற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய தளத்திலிருந்து டேட்டா சி.எஸ்.வி.யாக (எக்செலில் திறக்கும் அட்டவணைக் கோப்பு) வந்துவிட்டது, அதில் நாங்கள் அமைத்த விதிகள் எதுவும் வரவில்லை. இது பொதுவான விஷயம்தான். நாங்கள் பயன்படுத்தாத ஸோகோ கிரியேட்டர் என்ற லோ-கோடு தளத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் சொந்த மொழியான டெலூஜில் எழுதியது ஸோகோவுக்குள்தான் ஓடும். ஒரு தளத்தில் இறங்கிவிட்டால் பின்னால் வெளியேறுவது சிரமம் என்பதால், டெமோ பார்க்கும் முன்பே வெளி யூசருக்கு என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.

கேட் பாஸ், பயணச் செலவு, விடுப்பு இன்னும் லோ-கோடில்தான் ஓடுகின்றன. அவற்றைப் புதிதாக எழுத முதலாளியே பணம் தந்தாலும் வேண்டாம் என்பேன்.