மூன்று கோடை ஓடிய பிசிஆர் மெஷின்: பெல்டியர் வேண்டாம், ஃபேன் போதும்

சென்னையில் சொந்தமாக பிசிஆர் மெஷின் கட்ட நினைப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிசிஆர் என்பது குழாயில் உள்ள கலவையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து டிஎன்ஏவைப் பெருக்கும் முறை: 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரு இழைகள் பிரியும், 55ல் பிரைமர் எனும் சிறு டிஎன்ஏ துண்டுகள் ஒட்டும், 72ல் என்சைம் நகலெடுக்கும். பெல்டியரை (மின்சாரம் பாயும் திசையைப் பொறுத்து ஒரு முகம் சூடாகி மறுமுகம் குளிரும் தகடு) விட்டுவிடுங்கள், ஹீட்டரும் ஃபேனும் போதும். ஏசி இல்லாத அறையில் இரண்டு வகையையும் அருகருகே வைத்து மூன்று கோடை ஓட்டிய பிறகு இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது. இரண்டிலும் 0.2 மில்லி குழாய்க்கான 25 குழி அலுமினியம் பிளாக், 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), ஆர்டுயினோ (கட்டுப்படுத்தும் சிறு கணினிப் பலகை). சூட்டை ஏற்றி இறக்கும் முறை மட்டும் வேறு.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் டெக்1-12706 பெல்டியர், ஒரு பக்கம் எப்போதும் குளிராகவும் மறுபக்கம் எப்போதும் சூடாகவும் இருக்கும் வேலைக்கானது. பிசிஆரில் ஒரு ஓட்டத்துக்கு 35 முறை சூடாகிக் குளிர்கிறது. நூறு ஓட்டம் போனால் 3,500 முறை உள்ளே இருக்கும் 127 குறைக்கடத்தி இணைகளின் சால்டரும் விரிந்து சுருங்குகிறது. இவ்வகை மாட்யூல்களில் பெரும்பாலும் இருக்கும் பிஸ்மத்-வெள்ளீய சால்டர் 138 டிகிரியில் உருகிவிடும். பிளாக்கை 95க்கு ஏற்றும்போது மாட்யூலின் முகம் பிளாக்கைவிட அதிகச் சூட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சால்டரில் நுண்விரிசல் விழுந்ததும் முதலில் குளிர்வது மந்தமாகும், பிறகு ஏறுவதும் மந்தமாகும், ஒரு நாள் முழுதாக நின்றுவிடும்.

சாகப்போகும் மாட்யூலை முன்கூட்டியே பிடிக்க முடியும். இரண்டு முகமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மின்தடையை அளந்து குறித்து வையுங்கள். புதியது சுமார் 2 ஓம் காட்டும். முகங்களுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் மாட்யூலே மின்னழுத்தம் உண்டாக்கி மல்டிமீட்டரை ஏமாற்றும். அதனால் கம்பிகளை மாற்றிப் பிடித்து இருமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். எண் மாதாமாதம் ஏறினால் அடுத்த மாட்யூலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் முடிந்ததும் ராத்திரி முழுக்க 4 டிகிரியில் நிறுத்தி வைக்கும் பழக்கம் சென்னைக்கு ஆகவே ஆகாது. கடலோரக் காற்றின் ஈரம் பிளாக்கைச் சுற்றி வேர்த்து, மாட்யூலின் ஓரம் வழியாக உள்ளே இறங்கி உலோகத்தை அரிக்கும். பெருகிய டிஎன்ஏ மூடிய குழாயில் ஓர் இரவு அறைச் சூட்டில் கெட்டுவிடாது. காலையில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். அந்த 4 டிகிரி தேவையில்லை என்று ஒத்துக்கொண்டால் பெல்டியருக்கு இருக்கும் ஒரே வலுவான காரணமும் போய்விடுகிறது, ஏனென்றால் பிசிஆரில் இறங்க வேண்டிய அடிமட்டமே 50, 55 டிகிரிதான்.

ஃபேன் வகையின் கணக்கு எளிது. 60 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்ற 54 ஜூல் வேண்டும். 3டி பிரிண்டருக்கு விற்கும் 40 வாட் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் இரண்டு போட்டால் காகிதத்தில் நொடிக்கு ஒன்றரை டிகிரி. இழப்பு போக 1.2 அளவில் கிடைக்கும். ஹீட்டரின் துளை தளர்வாக இருந்தால் சூடு பிளாக்குக்குப் போகாமல் ஹீட்டரே கருகும். 6 மில்லிமீட்டர் ஹீட்டருக்கு இறுக்கமான துளை போட்டு, பக்கத்தில் ஒரு திருகால் பிடிக்க வேண்டும்.

கோடை கடிப்பது குளிர்விக்கும்போதுதான். பிளாக்குக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய இறக்கம் மந்தமாகும். 95லிருந்து 55க்கு இறங்க, 30 டிகிரிக் காற்றில் 57 நொடி எடுக்கும் பிளாக், 40 டிகிரிக் காற்றில் 78 நொடி எடுக்கும். 35 சுற்றுக்கு 12 நிமிடம் கூடுதல். மே மாதத்தில் பெட்டிக்குள் 40 டிகிரி மிகச் சாதாரணம், அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டுக்காற்று பிளாக் பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். ஆகவே வெளிக்காற்றை நேராக இழுத்து மறுபக்கம் தள்ளும் தனிக் குழல் வையுங்கள். பிளாக்கின் அடியில் துடுப்பு வெட்டியிருந்தால் சாதாரண ஃபேனைவிட ப்ளோயர்தான் காற்றை இடுக்குகளுக்குள் தள்ளும்.

குழிகளை நேர்த்துளையாகப் போட்டு வாங்கிவிடாதீர்கள். குழாயின் அடி கூம்பு வடிவம். நேர்த்துளையில் அது ஒரு வளையமாக மட்டும் தொடும், மற்ற இடமெல்லாம் காற்று. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பட்டறைகளில் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, அதே கோணத்தில் ரீமர் (துளையைச் செதுக்கிச் சரிசெய்யும் கருவி) போடச் சொல்லுங்கள். கூலி கூடத்தான் ஆகும், ஆனால் மெஷினில் எங்காவது காசைக் கொட்டுவதென்றால் இங்கே கொட்டலாம்.

அடுத்து சென்சார். பெரும்பாலான தோல்விகளுக்கு வேர் இதுதான், ஆனால் பழி என்சைம் மீது போய்விழும். பிடி100 சென்சார் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார்) 95 டிகிரியில் 136.6 ஓம் காட்டும். ஒரு டிகிரிக்கு மாறுவது 0.38 ஓம்தான். இரண்டு கம்பி இணைப்பில் 0.4 ஓம் கம்பித்தடை இருந்தாலே ஒரு டிகிரி பிழை. கனெக்டர் கடல்காற்றில் மங்க மங்க இந்தப் பிழை வளர்ந்துகொண்டே போகும். மூன்று அல்லது நான்கு கம்பி இணைப்பு கட்டாயம். பிடி100ஐப் படிக்கும் மலிவான மேக்ஸ்31865 பலகைகளில் 430 ஓம் ஒப்பீட்டுத் தடையின் துல்லியத்தையும் பாருங்கள். அது 1 சதவீதம் தவறினால் 95 டிகிரியில் மூன்றரை டிகிரி தவறும். திரையில் 95, உள்ளே 91.5. ஜிசி (இறுக்கமாக ஒட்டும் குவனைன்-சைட்டோசின் இணை) நிறைந்த டிஎன்ஏ சரியாகப் பிரியாமல், பெருகிய டிஎன்ஏவைக் கோடாகக் காட்டும் ஜெல்லில் கோடே தெரியாது. 55 இருக்க வேண்டிய இடத்தில் 52 ஆனால் வேண்டாத கோடுகள் வரும்.

சரிபார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த கலவை 0 டிகிரி. கொதிநீர் இங்கே கிட்டத்தட்ட 100. கடல் மட்டத்தில் இருப்பதால் கிடைக்கும் வசதி இது. பெங்களூரின் உயரத்தில் கொதிநீரே 97 டிகிரிதான். இப்படிச் சரிபார்த்த மெல்லிய கே-வகைத் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பி) ஒரு குழாயின் மூடியில் ஊசித்துளை போட்டு, 25 மைக்ரோலிட்டர் நீருக்குள் இறக்கி, மேலே எண்ணெய் விட்டு, மூலைக் குழியிலும் நடுக்குழியிலும் அளந்து பாருங்கள். திரவம் பிளாக்குக்குப் பின்னால் சில நொடி தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தை அளந்து ஒவ்வொரு படிநிலையின் நேரத்திலும் கூட்டுவது நல்லது. மூலைக்கும் நடுவுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளாக்கின் ஓரங்களுக்குக் காப்பு போதவில்லை.

மூடி 105 டிகிரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீராவி மேலே போய் ஒட்டி, கீழே கலவை கெட்டியாகிவிடும். 1980களில் வந்த ஆரம்ப மெஷின்களில் சூடான மூடி இல்லை. கலவை மேல் மினரல் எண்ணெய் விட்டுத்தான் ஓட்டினார்கள். எங்கள் மூடி சீராக அமரவே ஆறு மாதம் பிடித்தது. அதுவரை 20 மைக்ரோலிட்டர் எண்ணெய்தான் காப்பாற்றியது. இன்றும் அது மோசமான வழியல்ல.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் விட்டுவிடவே கூடாது. ஹீட்டரை இயக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) பழுதானால் பெரும்பாலும் மூடிய சுவிட்ச்சாக மாறி, ஹீட்டர் நிற்காமல் எரியும். ப்ரோக்ராமால் அதை நிறுத்த முடியாது. ஹீட்டருக்குத் தொடராக 128 டிகிரி தெர்மல் ஃபியூஸ் போடுங்கள். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் போய்விடும், கிரிம்ப் செய்யுங்கள் (நசுக்கி இணையுங்கள்). ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காமல் கொதிக்கும். ஐஆர்எல்இசட்44என் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இருந்தால் சில நிமிட வெட்டைத் தாங்கும். அதுவும் தீர்ந்து குழாய் அறைச் சூட்டுக்கு இறங்கிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். சூடாகும்வரை பூட்டியிருக்கும் ஹாட்-ஸ்டார்ட் என்சைமின் பூட்டு முதல் 95 டிகிரியிலேயே திறந்துவிட்டது. 32 டிகிரியில் டாக் (டிஎன்ஏவை நகலெடுக்கும் அந்த என்சைம்) மெதுவாகவேனும் வேலை செய்து, பிரைமர்கள் தவறாக ஒட்டிய இடங்களையெல்லாம் நீட்டிவிடும். அந்தக் குழாயைக் கழித்துவிடுவதே நேர்மை.

இப்போது ஓடும் கலவை: 2 எக்ஸ் மாஸ்டர் மிக்ஸ் (என்சைமும் பிற பொருட்களும் இருமடங்கு செறிவில் கலந்தது) 12.5 மைக்ரோலிட்டர், 10 மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 1, டிஎன்ஏ 1, நீர் 9.5. 95ல் 3 நிமிடம், பிறகு 95ல் 30 நொடி, 55ல் 30, 72ல் 45 என 35 சுற்று, கடைசியில் 72ல் 5 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம், மே மாதத்தில் இரண்டேகால். டிஎன்ஏ இல்லாத ஒரு குழாயும், ஏற்கெனவே வேலை செய்த டிஎன்ஏ போட்ட ஒரு குழாயும் ஒவ்வொரு முறையும் உண்டு.

கல்லூரிச் செய்முறைக்கும் மீன் இன அடையாளத்துக்கும் இந்த மெஷின் தாராளமாகப் போதும். நோயாளிக்கு முடிவு சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது. நோய் கண்டறியும் கருவிகள் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகின்றன; அதற்கு உரிமம் வேண்டும்.