மலையை விட்டு இறங்குவதா, கொல்லையில் கூடுவதா?

மாசி பிறந்தால் போதும், எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் மூங்கில் சருகும் உண்ணிச்செடியும் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். தீப்பிடித்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். எந்த ஊரை, எந்த வழியாக, யார் வண்டியில் என்பதைப் பேசுவதில்லை. சித்தேரிக்கும் ஒகேனக்கலுக்கும் அஞ்செட்டி காட்டோரக் கிராமத்துக்கும் ஒரே திட்டம் ஒத்துவராது.

மலைமேல் இருக்கும் ஊர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம். பஸ் வைத்துக் கீழே இறக்கிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் நெருப்பு சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். கீழே எரியும் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடும். அடிவாரத்தில் பற்றிய தீ ஏறி வரும் நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கினால், அதன் வாய்க்குள்ளேயே போய் விழுவோம். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராந்தே பகுதியில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் 47 பேர் இறந்தது ஒரு சாலையில், தப்பி ஓடும் வழியில்.

அதனால் மலையூர்களுக்கு நான் கொல்லையை, அதாவது ராகி விளையும் வயலைத்தான் சொல்வேன். தை மாதத்துக்குள் ராகி அறுப்பு முடிந்துவிடும். அறுத்த கொல்லையில் ட்ராக்டர் விட்டு ஒருமுறை ஓட்டிவிட்டால் எரிவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஊரே அங்கே கூடலாம். ஆடு மாடுகளையும் ஓட்டி வரலாம். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பட்டியில் இருபது ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் பஸ் ஏறு என்றால் யார் ஏறுவார்கள்? அதிகாரி எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தபோது, சாலை நெரிசலில் சிக்கியவர்கள் பலரைத் தீயணைப்பு வீரர்கள் கடைகளின் வண்டி நிறுத்தும் தரைகளில் நிறுத்தி வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தத் தீயில் 85 பேர் செத்தார்கள். வெறுந்தரையில் நின்றவர்கள் பிழைத்தார்கள்.

கொல்லைக்கும் குறை உண்டு. பக்கத்தில் ராகித்தாள் போர் இருந்தால் எல்லாம் வீண். புகையைத் தடுக்கவும் அங்கே வழியில்லை. ஆகவே மூச்சிரைப்பு உள்ளவர்கள், நிறைமாதக்காரிகள், கைக்குழந்தைக்காரர்கள், நடக்க முடியாத பெரியவர்கள் ஆகியோரை மட்டும், தீ தொலைவில் இருக்கும்போதே, பகலில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் பெயர்ப் பட்டியல் ஊரில் முன்பே இருக்க வேண்டும்.

அடிவாரக் காட்டோர ஊர்களுக்குக் கணக்கு நேர்மாறு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் சாலை இருக்கிறது, தூரமும் குறைவு. அங்கே சீக்கிரம் கிளம்புவதே நல்லது. ஆனால் பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும். இருட்டில் நடந்து போகும் வழிகளில் பல யானையின் வழியும்கூட. தீக்குப் பயந்து யானையும் அதே நேரத்தில் நகரும்.

வீட்டுக்குள்ளேயே இருப்பது என்ற மூன்றாவது வழியைக் கூரை வீட்டுக்கும் ஷீட் வீட்டுக்கும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். 2009 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் வீடுகளுக்குள். அதன் பிறகு அங்கே சீக்கிரம் கிளம்பச் சொல்வதுதான் முதல் அறிவுரை.

சுற்றுலாப் பயணிகளுக்கோ இடம் தெரியாது, பாதை தெரியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் 23 பேரை அப்படித்தான் இழந்தோம். மலையேற்றத்துக்குக் கோடையில் ஆளை விடாமல் இருப்பது எந்த வெளியேற்றத் திட்டத்தையும்விட மேல். ஒகேனக்கலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கும்போது காட்டுச் சாலையில் தீ என்றால், கார்களை மொத்தமாகப் பென்னாகரம் பக்கம் கிளப்பிவிடக் கூடாது. ஆற்றோரப் பாறைவெளியில் நிறுத்தி வைத்து, வனத்துறை வழிவிட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

பெட்டமுகிலாளத்துக்குத் திரும்பி வருகிறேன். அங்கே வீடுகள் சிற்றூர் சிற்றூராகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெரிய மைதானம் காட்டிக் கூடுங்கள் என்றால் பாதிப்பேர் காட்டைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கும். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு கொல்லை, பாட்டி ஒருத்தி பத்து நிமிடத்தில் நடந்து சேரும் தூரத்தில். அந்தக் கொல்லைக்காரருக்கு உழவுக்கூலியைப் பஞ்சாயத்து கொடுக்கட்டும்.