ஆதெஸ் தொழுகைக்கூடம், ஜெருசலேம்: விடியுமுன் போய்க் கேளுங்கள்

முப்பது வருஷமாக வயலின் சொல்லித் தருகிறேன். மகள் வீட்டுக்கு வந்த இந்த ஊரில் ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால், மஹனே யெஹூதா சந்தையை ஒட்டிய நஹ்லாவோத் சந்துகளுக்குள் இருக்கும் ஆதெஸ் தொழுகைக்கூடத்தைத்தான் சொல்வேன். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதர்கள் 1901-ல் நிறுவியது.

குளிர்காலத்தில், சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கே 'பக்காஷோத்' என்னும் வேண்டுதல் பாடல்களைப் பாட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்தவர்கள் விட்ட அடியை எதிர்ப்பக்கத்தார் எடுக்கிறார்கள். நடுவே பத்து வயசுப் பையன் ஒருவன் தனியாகப் பாடினான். சுருதி இம்மியும் விலகவில்லை.

பிறகு காலை வழிபாடு. அந்த வார வேதப்பகுதி எதுவோ, அதற்கேற்ற மக்காம். மக்காம் என்பதை அரபு ராகம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் போனது ஆபிரகாமின் மனைவி சாராவின் மரணத்தை வாசிக்கும் வாரம். அதனால் துயரத்துக்குரிய ஹிஜாஸ். என் காதுக்கு அது அப்படியே வகுளாபரணம். 'உயிருள்ள அனைத்தின் மூச்சும் உன்னைப் புகழும்' என்று தொடங்கும் 'நிஷ்மத்' என்ற துதியை, வழிபாட்டைப் பாடி நடத்தும் ஹஸான் எடுத்தார். பக்கத்திலிருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "உம் குல்தூம் பாட்டு!" கெய்ரோப் பாடகியின் காதல் பாட்டு மெட்டு! காதலனுக்காக ஏங்கி இழுத்த அதே சங்கதியில் ஒரு சபையே கடவுளுக்காக ஏங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இது இன்று வந்த பழக்கமில்லை. இஸ்ரேல் நஜாரா என்ற யூதக் கவிஞர் 1587-ல் கலிலேயாவின் ஸஃபேத் ஊரில் அச்சிட்ட பாடல் தொகுப்பில், பாட்டுக்கு மேல் துருக்கி, அரபுப் பாட்டுகளின் பெயர் இருக்கும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன வர்ணமெட்டு' என்று போடுவார்களே, அதேபோல. அன்றே கண்டித்தவர்கள் உண்டு. நம் காலத்தில் யூத மத அறிஞரான ராபி ஓவாதியா யோசெஃப் அரபு மெட்டுகளைத் தொழுகையில் பாடலாம் என்றே தீர்ப்பு எழுதினார்.

முந்தின நாள் காசு கொடுத்து ஒரு வழிகாட்டியோடு இந்தத் தெருக்களைச் சுற்றினேன். மெட்டுகளைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். மறைக்க இதில் என்ன இருக்கிறது? இந்த மரபின் பெருமையே அதுதானே!

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், பேருந்து ஓடாது, நடந்துதான் போக வேண்டும். தலைக்குக் குல்லாய் வேண்டும். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பக்காஷோத் வசந்தகாலத்துப் பஸ்கா பண்டிகை வரைதான், அதற்குள் போய்விடுங்கள்.