ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி: வாங்கலாம், கடிகாரத்தில் மட்டும் கவனம்

காட்டில் ஆள் உட்காராமலே பறவைக் குரல்களைப் பதிவுசெய்ய, கொடுக்கிற காசுக்கு ஆடியோமாத் நல்ல கருவி. 58 × 48 மி.மீ. பலகை, மூன்று ஏஏ பாட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான். மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் காட்டில் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்கவும் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

பறவைக்கு 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளப்பது) போதும். மணிக்கு சுமார் 346 எம்பி ஆகும். தினம் காலை மூன்று மணி நேரம் என்றால் 32 ஜிபி கார்டு ஒரு மாதம் வரும். வௌவாலுக்கு 384 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் அதே கார்டு பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கார்டு மட்டமானதாக இருந்தால் எழுதும் வேகம் போதாமல் பதிவில் இடைவெளி விழும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். கருவி யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அமைப்புச் செயலியில் உள்ளூர் நேரத்தைத் தேர்வுசெய்யாமல் 6 முதல் 9 என்று போட்டால், நம் ஊரில் அது பகல் 11:30-க்குத்தான் விழித்துக்கொள்ளும். விடியல் கச்சேரி முழுக்கப் போச்சு! கோப்பின் பெயரிலும் இதே சிக்கல்: 20250114_003000 என்றிருந்தால் காலை 6 மணி என்று படிக்க வேண்டும். பாட்டரியை மாற்றினால் நேரத்தை மறுபடி வையுங்கள். சுவிட்சை 'கஸ்டம்' (நாம் வைத்த நேரப்படி பதிவுசெய்யும் நிலை) பக்கம் தள்ளியதும் பச்சை விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தைவிட்டு நகர வேண்டும்.

ஜிப்லாக் உறையில் போட்டும் கட்டலாம். ஆனால் தளர்வாக இருந்தால் உறை சரசரப்பதே பதிவாகும். மழைக்காலத்துக்கு ரப்பர் வளையம் வைத்த பெட்டியும் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் நல்லது. விலை உயர்ந்த கருவிகளோடு ஒப்பிட்டால் மைக்கின் அடியிரைச்சல் (மைக் தானே உண்டாக்கும் இரைச்சல்) கூடுதல்; தொலைவில் மெல்லக் கூவுவது அமுங்கிப்போகும்.

பதிவுகளை, குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் மென்பொருளான பேர்ட்நெட்டில் போட்டால், மூன்று மூன்று வினாடியாக வெட்டி இனத்தைச் சொல்லும். அட்சரேகை, தீர்க்கரேகை, வாரம் மூன்றையும் கொடுக்காவிட்டால் கண்டம் தாண்டிய பறவையெல்லாம் பட்டியலில் வரும். கொடுத்தாலும், துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காட்டில் முடிவை அப்படியே நம்பக் கூடாது. அது அடுத்த பறவையின் குரலில் கூவும். மென்பொருளும் அந்த அடுத்த பறவையின் பெயரையே எழுதிவைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் சில துண்டுகளையாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள்.