கேட்ரிட்ஜா, சிடியா? வெளி நிறுவனங்களின் கணக்கு

1990-களில் நின்டெண்டோ 64 என்ற வீடியோ கேம் கருவிக்கு கேம் போட்ட வெளி நிறுவனம், விற்குமா என்று தெரியும் முன்பே கேட்ரிட்ஜுக்கு (கேம் பதிந்த சிப் உள்ள பெட்டி) பணத்தை முடக்க வேண்டியிருந்தது. சரக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதிகம் அடித்தால் தேங்கும். குறைத்தால் கேம் சூடாக விற்கும் நேரத்தில் கடை காலி. போட்டிக் கருவியான சோனி பிளேஸ்டேஷனின் சிடியோ சல்லிசு, தீர்ந்தால் சீக்கிரமே மறுபடி அச்சிட முடிந்தது.

இடத்திலும் அதே கதை. பெரிய கேட்ரிட்ஜே 64 எம்பி. சிடி 650 எம்பி. ஸ்கொயர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டசி 7 கேம், 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு மூன்று சிடியில் வந்தது. இரண்டு சிடியில் இருந்த ரெசிடென்ட் ஈவில் 2 கேமை 1999-ல் நின்டெண்டோ 64-க்காக ஒரே கேட்ரிட்ஜில் திணித்தார்கள், வீடியோக்களைப் பிழிந்து சுருக்கி. வித்தைதான், வியாபாரம் அல்ல.

விற்பனையில் பிளேஸ்டேஷன் 10 கோடி தாண்டியது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. லோடிங்குக்காகக் காத்திருக்கும் தொல்லை மட்டும் கேட்ரிட்ஜில் கிட்டத்தட்ட இல்லை.