1930 ஃபோர்டு மாடல் ஏ: புதுப்பித்த பழங்காரைப் பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

புதுப்பித்த பழங்கார் ஒன்று விற்பனைக்கு வரும்போது, வேலை முடிந்த பின் அது அதிகம் ஓட்டப்படவில்லை என்பதையே பெருந்தகுதியாகச் சொல்வது வழக்கம். 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ டியூடர் செடான் (இரண்டு கதவுகள் கொண்ட மூடிய கார்) ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, இப்போது அதை விற்கும் நிலையில் இருக்கும் என் கருத்து இதற்கு நேர்மாறானது. புதுப்பித்த பிறகு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, அந்த ஓட்டத்தில் வெளிப்பட்ட குறைகள் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்ட காருக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம். அதன் பளபளப்பு சற்று மங்கியிருந்தாலும் பாதகமில்லை.

மாடல் டி-க்கு அடுத்ததாக 1927 டிசம்பரில் அறிமுகமான மாடல் ஏ, உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 48 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரானது. இத்தனை வயதான ஒரு காருக்கு உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுவதற்கு அந்த எண்ணிக்கைதான் காரணம். 3.3 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன் தருகிறது. அழுத்த விகிதம் 4.22 மட்டுமே என்பதால், இன்று கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே அதற்குத் தேவைக்கு மேல் தரமானது.

ஓட்டுவதற்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால், பம்பு எதுவுமின்றிப் புவியீர்ப்பிலேயே கார்புரேட்டருக்கு எரிபொருள் இறங்குகிறது; ஆகவே புறப்படும்போது குழாயைத் திறப்பதும் நிறுத்தியவுடன் மூடுவதும் கைப்பழக்கமாகிவிட வேண்டும். ஸ்டியரிங்குக்கு இடப்புறமுள்ள, தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் இக்னிஷன் நெம்புகோலை முழுவதும் மேலே தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்திய பிறகே, தரையிலுள்ள ஸ்டார்ட்டர் பொத்தானைக் காலால் மிதிக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைத்து ஸ்டார்ட்டரைக் கெடுத்துவிடக்கூடும். மூன்று கியரில் எதற்கும் சின்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் அமைப்பு) கிடையாது என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டபுள் கிளட்ச், அதாவது நியூட்ரலில் ஒருமுறை நிறுத்திக் கிளட்சை இருமுறை மிதிப்பது, தேவை; எஞ்சின் வேகத்தைக் காதால் கணிக்கத் தெரிந்துவிட்டால் இதுவே இந்தக் காரின் பெரிய இன்பம். மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகக்கூடியது என்றாலும், எஞ்சினும் ஓட்டுநரும் களைப்பின்றிச் செல்லும் வேகம் 65 முதல் 70 வரைதான். விரைவுச் சாலைக்கு இது ஏற்ற வாகனம் அல்ல.

நான் வாங்கியபோது இந்தக் காரின் பெயின்ட் வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் முதல் தொல்லை அந்தப் பெயின்டிலிருந்தே வந்தது. மின்சுற்று 6 வோல்ட். பேட்டரியின் நேர்முனை சேசிஸுடன் இணைக்கப்பட்டு, காரின் உலோகம் முழுவதும் எர்த்தாகச் செயல்படும் அமைப்பு. பிரித்த ஒவ்வொரு பாகத்துக்கும் தடிமனாகப் பெயின்ட் அடித்து மீண்டும் பூட்டும்போது, உலோகமும் உலோகமும் தொட வேண்டிய இடங்களில் அந்தப் பூச்சே மின்னோட்டத்தைத் தடுத்துவிடுகிறது. விளக்குகள் மங்கின, ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. எர்த் இணைப்புகள் அனைத்தையும் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, தடித்த கேபிள் போட்ட பிறகே காருக்கு உயிர் வந்தது. 6 வோல்ட் போதாது என்று சொல்லி 12 வோல்ட்டுக்கு மாற்றுபவர்கள் பலர். இணைப்புகள் சுத்தமாக இருந்தால் அந்த மாற்றத்துக்குத் தேவையே இல்லை என்பது என் அனுபவம்.

பிரேக் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்க நினைப்பவர்கள் அதிகம் அஞ்சுவது அதைத்தான். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உண்டு. ஆனால் பிரேக் ஆயிலும் இல்லை, சிலிண்டரும் இல்லை, முழுக்க முழுக்க இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும்தான். இணைப்பு முள்கள் தேய்ந்து ஒவ்வொன்றிலும் சிறு ஆட்டம் சேர்ந்தால், பெடலை மிதிக்கும் தூரத்தில் பெரும்பகுதி அந்த ஆட்டத்தை நிரப்புவதிலேயே வீணாகிறது. புதுப்பித்தவர் கம்பிகளுக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார், முள்களை மாற்றவில்லை. அவற்றை மாற்றி, டிரம்மில் உரசும் லைனிங் அதன் வளைவோடு பொருந்தும்படி தேய்த்து, சூட்டில் விரிந்து பிடிமானம் இழக்கும் பழைய எஃகு டிரம்களுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு டிரம்களைப் பொருத்திய பின், பிரேக் நம்பிக்கைக்குரியதாகிவிட்டது. ஆனாலும் முன் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளி இன்றைய காரைவிடக் கணிசமாக அதிகம். அந்த இடைவெளியில் வேறொருவர் வந்து நுழைந்துகொள்வதைப் பொறுமையோடு ஏற்கத்தான் வேண்டும்.

எஞ்சினின் ஆயுள் அதன் வெள்ளை உலோக (பாபிட் எனப்படும் மென்மையான உலோகக் கலவை) பேரிங்குகளில் இருக்கிறது. உருக்கி ஊற்றப்பட்டு, பின் கடைந்து அளவாக்கப்படும் இந்த பேரிங்குகளுக்கு இன்றைய எஞ்சின்களைப் போல அதிக அழுத்தத்தில் ஆயில் செல்வதில்லை. கனெக்டிங் ராடின் அடிமுனை ஆயிலில் முங்கி எழுந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ஆயில் ஃபில்டரும் கிடையாது. எனவே சுமார் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், கிரீஸ் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடிப்பதும் தவிர்க்க முடியாத வேலைகள். வாட்டர் பம்பில் சொட்டுச் சொட்டாக நீர் கசிவதைக் கண்டு பதற வேண்டியதில்லை, அதன் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் நட்டை லேசாக இறுக்கினால் போதும். டியூடரின் கூரை நடுப்பகுதி தகடல்ல, துணி உறைதான். அதன் ஓரங்களில் நீர் இறங்குகிறதா என்பதை மட்டும் மழைக்காலத்தில் கவனித்துவருவது நல்லது.

பாகங்கள் எந்த அளவுக்கு அசலாகவே உள்ளன என்று கேட்பவர்களுக்காக ஒரு சொல். போட்டிக் கண்காட்சிகளில் ஒரு போல்ட்டின் தலை வடிவத்துக்குக்கூட மதிப்பெண் குறைப்பார்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இந்தக் கார் அதற்காகத் தயாரானது அல்ல. வார்ப்பிரும்பு டிரம்மும், பின்னால் வருபவர்களுக்காகச் சேர்த்த இண்டிகேட்டர் விளக்குகளும் அசலில் இல்லாதவை. கழற்றிய பாகங்கள் அனைத்தும் பத்திரமாக உள்ளன, காரோடு சேர்த்தே தரப்படும்.

வாங்குபவர் எந்த மாடல் ஏ-வைப் பார்த்தாலும் எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். எஞ்சின் பிளாக்கின் இடப்புறத்தில் பொறித்த அதே எண்ணே சேசிஸிலும் பொறிக்கப்பட்டது. ஆனால் சேசிஸ் எண் பாடிக்கு அடியில் மறைந்துவிடும். பல கார்களில் எஞ்சின் இடையில் மாற்றப்பட்டிருப்பதால், ஆவணத்தில் இருப்பது எந்த எண் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேரிங் ஊற்றியதற்கான பில்லையும், பாடியைக் கழற்றியபோது எடுத்த சேசிஸ் படங்களையும் கேளுங்கள். டிங்கரிங் வேலைக்கு முந்தைய படங்கள் இருந்தால், பட்டிக்குக் கீழே நல்ல தகடு இருக்கிறதா துரு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பார்க்கச் செல்லும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுவதும் முக்கியம், ஏனெனில் சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். என் காரைப் பார்க்க வருபவர்களுக்கும் குளிர்ந்த எஞ்சினைத்தான் இயக்கிக் காட்டுகிறேன். அதன் பிறகு அரை மணி நேரமாவது அவர்களே ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.